பருவமழைக்குக் காரணம் நிலச்சூடா, ஜெட் காற்றா, எல் நினோவா?

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இந்தியப் பருவமழைக்கு ஒரு புத்தகம் நிலமும் கடலும் சூடாவதில் உள்ள வேறுபாட்டைக் காரணமாகச் சொல்கிறது. இன்னொன்று ஜெட் காற்றோட்டம் என்கிறது. செய்தித்தாளைத் திறந்தால் எல் நினோ. இதில் எதை எழுதினால் சரி? நாடு முழுக்க ஜூனில் மழை என்றால் தமிழ்நாட்டுக்கு மட்டும் ஏன் அக்டோபரில்?” கேள்வி ‘எது சரி’ என்று இருந்தாலும், அவருடைய சிக்கல் இந்த மூன்றும் எங்கே ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதில்தான் இருக்கிறது. இவை ஒரே கேள்விக்குப் போட்டியிடும் மூன்று விடைகள் அல்ல. காற்று ஏன் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது என்பது ஒரு கேள்வி. அந்த மாற்றம் ஏன் ஜூன் தொடக்கத்தில் அவ்வளவு திடீரென நடக்கிறது என்பது இன்னொன்று. ஓர் ஆண்டு கொட்டி, மறு ஆண்டு ஏன் பொய்க்கிறது என்பது மூன்றாவது. புத்தகங்கள் இந்த மூன்றையும் ‘பருவமழைக் கோட்பாடுகள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுக்கிவிடுவதால்தான் குழப்பம்.

நிலம் – கடல் விளக்கத்திலிருந்து தொடங்குவோம். 1686-ல் எட்மண்ட் ஹாலி சொன்னது இது: கோடையில் ஆசிய நிலப்பரப்பு கடலைவிட வேகமாகச் சூடாகிறது, அங்கே காற்றழுத்தம் குறைகிறது, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது, குளிர்காலத்தில் இது தலைகீழாகிறது. பள்ளிப் பாடத்துக்கு இது போதும். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. வட இந்தியச் சமவெளி அதிகம் தகிப்பது மே மாதத்திலும் ஜூன் முற்பாதியிலும். மழை உச்சம் தொடுவதோ ஜூலை, ஆகஸ்டில். அதற்குள் நிலம் ஐந்தாறு டிகிரி குளிர்ந்துவிடுகிறது. சூடுதான் காரணம் என்றால் மே மாதம் அல்லவா கொட்டியிருக்க வேண்டும்? அடுத்தது, மழை பொய்த்த ஆண்டுகளில் நிலம் நல்ல மழை பெய்த ஆண்டுகளைவிட அதிகச் சூடாக இருக்கிறது. வெறும் கடற்காற்றின் பெரிய வடிவம்தான் பருவக்காற்று என்றால், சூடான ஆண்டில்தான் அதிக மழை பெய்திருக்க வேண்டும். சுலோச்சனா காட்கில் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் இந்த வாதங்களைத் திரும்பத் திரும்ப முன்வைத்திருக்கிறார்கள். முதன்மைத் தேர்வு விடையில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கினால், நீங்கள் பாடத்தை யோசித்துப் படித்தவர் என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

அப்படியானால் அடித்தளமாக எதைப் பிடித்துக்கொள்வது? பயிற்சி மையங்களில் ஐ.டி.சி.இசட். என்று சொல்லும் வெப்பமண்டலக் குவி மண்டலத்தை. இரு அரைக்கோளங்களிலிருந்தும் நிலநடுக்கோட்டை நோக்கி வீசும் வியாபாரக் காற்றுகள் சந்தித்து மேலெழுந்து மழையாகும் பட்டை அது. சூரியன் வடக்கே நகரும்போது இந்தப் பட்டையும் நகர்கிறது. மற்றக் கடல்களில் நிலநடுக்கோட்டை ஒட்டிச் சில டிகிரிதான் நகரும். இந்தியப் பகுதியில் மட்டும் ஜூலையில் ஏறத்தாழ 20 – 25 டிகிரி வட அட்சம் வரை ஏறி, கங்கைச் சமவெளி மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. ராஜஸ்தானின் கங்காநகரிலிருந்து வங்கக் கடலின் வடமுனை வரை வரைபடத்தில் கோடாக வரையும் ‘பருவமழைத் தாழ்வழுத்தப் பள்ளம்’ இதுதான். பட்டை வடக்கே போய்விட்டதால், தென் அரைக்கோளத்தின் தென்கிழக்கு வியாபாரக் காற்று அதை அடைய நிலநடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும். கடந்ததும், பூமி சுழல்வதால் எழும் கொரியாலிஸ் விளைவால் வலப்புறம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று என்பது திசை மாறிய தென்கிழக்குக் காற்றுதான். இந்த ஒரு வரி மனத்தில் பதிந்துவிட்டால் மீதிப் பாடத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இந்தக் காற்றுக்குப் பின்னால் இருந்து தள்ளுவது மடகாஸ்கருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 30 டிகிரி தென் அட்சத்தில் இருக்கும் மஸ்கரீன் உயரழுத்தம். அங்கிருந்து கிளம்பும் காற்று கிழக்கு ஆப்பிரிக்க மலைகளில் மோதி, கென்யா – சோமாலியா கரையோரமாகக் குறுகி வேகம் பிடிக்கிறது. தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை கி.மீ. உயரத்திலேயே ஓடும் இதைச் சோமாலி ஜெட் என்பார்கள். மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஜெட் என்றாலே 12 கி.மீ. உயரம் என்று நினைத்து, இதையும் மேலடுக்குக் காற்றோடு சேர்த்து எழுதிவிடுகிறார்கள். சோமாலி ஜெட் கீழடுக்குக் காற்று. அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவது இதன் வேலை.

மேலடுக்கில் இரண்டு ஜெட்கள். குளிர்காலத்தில் இமயத்தின் தெற்குச் சரிவை ஒட்டி ஓடும் துணைவெப்பமண்டல மேற்கத்திய ஜெட் ஒன்று. மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் குளிர்காலத் தாழ்வழுத்தங்களை இழுத்து வந்து பஞ்சாபின் கோதுமைக்கு மழை தருவது இதுதான். இந்த ஜெட் இமயத்தின் தெற்கே இருக்கும்வரை அதன் கீழே காற்று இறங்கிக்கொண்டே இருக்கும், மழைப்பட்டை வடக்கே ஏற முடியாது. மே இறுதி – ஜூனில் அது திபெத்தின் வடக்கே தாவிவிடுகிறது. அதே சமயத்தில் தீபகற்பத்தின் மேல், ஏறத்தாழ 13 – 15 டிகிரி வட அட்சத்தில், 14 கி.மீ. உயரத்தை ஒட்டி வெப்பமண்டலக் கிழக்கத்திய ஜெட் உருவாகிறது. இதை 1950-களில் விளக்கமாக ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம். மே மாதம் முழுக்க நிலம் காய்ந்தும் மழை வராமல், பிறகு சில வாரங்களிலேயே பாதி நாடு நனைவதை இந்த மேலடுக்கு இடமாற்றத்தோடு சேர்த்துத்தான் விளக்குகிறார்கள்.

திபெத் பற்றி ஒரு எச்சரிக்கை. 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தப் பீடபூமி நேரடியாக நடு வளிமண்டலத்தைச் சூடாக்குகிறது, அந்த வெப்பமே பருவமழையை இழுக்கிறது என்று நெடுங்காலம் பாடம் சொல்லி வந்தது. 2010-ல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு, பீடபூமியைத் தட்டையாக்கி இமயச் சுவரை மட்டும் விட்டுவைத்தாலும் தெற்காசியப் பருவமழை பெரும்பாலும் அப்படியே வருகிறது என்று காட்டியது. அதாவது வடக்கிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்றை மலை தடுப்பதே முக்கியம் என்பது அதன் வாதம். இரண்டு ஆண்டு கழித்து வேறொரு குழு, மலைச்சரிவுகள் சூடாவதும் அவசியமே என்று மறுத்தது. விவாதம் முடியவில்லை. தேர்வில் ‘இமயமும் திபெத்தும் தடுப்பாகவும் வெப்ப மூலமாகவும் பங்கேற்கின்றன, எதன் பங்கு அதிகம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு’ என்று எழுதுவதே பாதுகாப்பானது. மேலடுக்கில் வடக்கே சூடாகவும் தெற்கே நிலநடுக்கோட்டின் மேல் ஒப்பளவில் குளிர்ச்சியாகவும் இருப்பது மட்டும் உறுதியானது. கிழக்கத்திய ஜெட்டுக்கே அதுதான் அடிப்படை. அந்த மேலடுக்கு வெப்பத்தில் பெரும்பங்கு மழை மேகங்களிலேயே நீராவி குளிரும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம். ஆகவே ஹாலியை முழுவதுமாகத் தூக்கிப் போடவும் வேண்டாம். வெப்ப வேறுபாடு உண்மைதான். அதைத் தரையளவில் மட்டும் பார்த்தது போதவில்லை.

‘கேரளத்தில் பருவமழை தொடங்கியது’ என்று அறிவிப்பது மழை பெய்வதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதல்ல. மினிக்காய் முதல் மங்களூர் வரை 14 நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். மே 10-க்குப் பிறகு அவற்றில் 60 சதவீதத்தில் தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பதிவாக வேண்டும். மேற்கத்தியக் காற்று 600 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டம் (ஏறத்தாழ 4 கி.மீ. உயரம்) வரை ஆழமாக இருக்க வேண்டும். அந்தப் பகுதியிலிருந்து விண்வெளிக்கு வெளியேறும் நெட்டலைக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அதாவது உயரமான, அடர்ந்த மேகம் கவிந்திருக்க வேண்டும். மழை, காற்று, மேகம் மூன்றும் கூடினால்தான் அறிவிப்பு. மே மாத இடிமழையைப் பருவமழை என்று எண்ணி ஏமாறாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

தொடங்கிய பிறகும் அது நான்கு மாதம் ஒரே சீராகப் பெய்வதில்லை. தாழ்வழுத்தப் பள்ளம் சமவெளியை விட்டு இமய அடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டால், மத்திய இந்தியாவில் மழை நின்றுபோகும். அசாமிலும் பீகாரின் வட ஆறுகளிலும் வெள்ளம் வரும். இதைப் ‘பருவமழை இடைவெளி’ என்பார்கள். இந்த நாள்களில் தமிழ்நாட்டில் மாலை இடிமழை கூடும். டெல்லி வறண்டிருக்கும்போது சென்னை நனைவது விந்தையல்ல, ஒரே நகர்வின் இரு பக்கங்கள். வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் இந்தப் பள்ளத்தை ஒட்டி மேற்கு – வடமேற்காகப் போகும். அவற்றின் தென்மேற்குப் பகுதியில்தான் கனமழை விழும். ஜூலை, ஆகஸ்டில் இவை முழுப் புயலாக வளராததற்குக் காரணமும் மேலே சொன்னதிலேயே இருக்கிறது: கீழே பலத்த மேற்குக் காற்று, மேலே பலத்த கிழக்கு ஜெட். உயரத்துக்கு உயரம் காற்று இப்படி மாறினால் புயலின் நெட்டுக்குத்தான அமைப்பு சிதைந்துவிடும். பருவமழைக்கு முன்னும் பின்னும் இந்த முரண் குறைவதால்தான் மே மாதமும் அக்டோபர் – டிசம்பரும் புயல் காலம்.

மலைகளின் பங்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். மும்பையில் 200 செ.மீ.க்கு மேல் கொட்டும் மழை, மலை தாண்டிப் புனேயில் 70-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. ராஜஸ்தானைத்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆரவல்லி காற்றுக்கு இணையாக இருப்பதால் மழை இல்லை என்பது பாதி விடை. அங்கே போய்ச் சேரும் ஈரக்காற்றின் படலம் மெல்லியது. அதன் மேல் மேற்கிலிருந்து வரும் வறண்ட, சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கிறது. ஈரம் இருந்தும் மேகம் உயர முடியாது. தார் பகுதியில் ஜூலையிலும் காற்றில் ஈரப்பதம் இருப்பதும், மழை மட்டும் குறைவதும் இதனால்தான்.

இனித் தமிழ்நாடு. ஜூன் – செப்டம்பரில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதும், கிழக்குக் கரை பருவக்காற்றின் வங்கக் கடல் கிளைக்கு இணையாக இருப்பதும் சரியான காரணங்களே. ஆனால் ‘தமிழ்நாட்டுக்குத் தென்மேற்குப் பருவமழை கிடைப்பதில்லை’ என்று ஒரு கூற்று வந்தால் தயங்காமல் தவறு என்று குறியுங்கள். நீலகிரியின் மேற்குச் சரிவும் கன்னியாகுமரி மாவட்டமும் இந்தப் பருவத்தில் நன்றாகவே நனைகின்றன. சென்னையிலேயே இந்த நான்கு மாதங்களில் 40 செ.மீ.க்கு மேல் பெய்கிறது. பகலில் சூடான மேற்குக் காற்றும் கடற்காற்றும் மோதும் இடத்தில் எழும் மாலை இடிமழை அது. அக்டோபரில் மழைப்பட்டை தெற்கே இறங்குகிறது, காற்று வடகிழக்காகத் திரும்புகிறது, வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரம் ஏற்றிக்கொண்டு கரையில் மோதுகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, பாடநூல் கணக்கில் 48 சதவீதம், அக்டோபர் – டிசம்பர் மூன்று மாதங்களில் வருகிறது. இந்த மழை நாள்தோறும் தூறும் மழையல்ல. கிழக்கத்திய அலைகள், தாழ்வு நிலைகள், புயல்கள் என்று சில சுற்றுகளில் கொட்டிவிட்டுப் போவது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பதிவானது, அப்போது கடலில் பெயர் வைத்த புயல் எதுவும் இல்லை, குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டுமே. ‘கனமழைக்குப் புயல் அவசியம்’ என்று எங்கும் எழுதாதீர்கள்.

எல் நினோவை நான் வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கினேன், ஏனென்றால் மாணவர்கள் அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள். அது பருவமழையை உண்டாக்கும் காரணி அல்ல. இருக்கிற பருவமழையைக் கூட்டிக் குறைக்கும் காரணி. நடுப் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிட 0.5 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாக இருந்தால், மேலெழும் காற்றின் மையம் கிழக்கே நகர்ந்து, இந்தியப் பக்கம் காற்று இறங்கும் போக்கு கூடும். இது ஒரு சாய்வு, விதியல்ல. 2002-லும் 2009-லும் எல் நினோ ஆண்டுகளில் மழை நீண்டகால சராசரியில் 81, 78 சதவீதம் என்று வீழ்ந்தது. ஆனால் அதைவிட வலுவான எல் நினோ இருந்த 1997-ல் 102 சதவீதம் பெய்தது. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடல் இருமுனை நேர்மறையாக இருந்து காப்பாற்றியது என்பது வழக்கமான விளக்கம். இருமுனை என்பது இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதிக்கும், சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதிக்கும் உள்ள கடல்மட்ட வெப்ப வேறுபாடு; மேற்கு ஒப்பளவில் சூடாக இருந்தால் நேர்மறை. 2017 முதல்நிலைத் தேர்வில் அது மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கும் கிழக்குப் பசிபிக்குக்கும் உள்ள வேறுபாடு என்று ஒரு கூற்றைக் கொடுத்து, ‘எல் நினோவின் தாக்கத்தை இது மாற்றக்கூடும்’ என்பதை இரண்டாவது கூற்றாகக் கொடுத்தார்கள். முதலாவது தவறு, இரண்டாவது சரி. பெருங்கடலின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். எனினும் இருமுனை செப்டம்பர் – நவம்பரில்தான் உச்சம் பெறுகிறது; ஜூன், ஜூலை மழையை அது எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ பொதுவாகச் சாதகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை மூழ்கிய 2015 ஓர் எல் நினோ ஆண்டு. காயல்பட்டினம் நனைந்த 2023-ம் அப்படியே. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்த 2016-ல் பசிபிக் குளிர்ந்திருந்தது. இத்துடன் நிறுத்தினால் அழகான விதி கிடைத்துவிடும். ஆனால் 2021-ல் லா நினா (பசிபிக் குளிரும் எதிர்நிலை) இருந்தும் மாநிலத்தில் இயல்பைவிட 59 சதவீதம் கூடுதலாகப் பெய்தது. எனவே முதல்நிலைத் தேர்வில் ‘எப்போதும்’, ‘மட்டுமே’, ‘தவறாமல்’ என்ற சொற்கள் எல் நினோவோடு சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். காற்றின் திசை, கொரியாலிஸ் விளைவு, மலைமறைவு போன்ற இயற்பியல் சார்ந்த கூற்றுகளில் அந்தச் சந்தேகம் தேவையில்லை. அங்கே நேரடியாகப் பதில் குறிக்கலாம்.

படிக்கும் முறை என்று கேட்டால், குறிப்பெடுப்பதைவிட வரைவது பயன் தரும். வெற்று வரைபடம் இரண்டு எடுங்கள். 40 டிகிரி தென் அட்சத்திலிருந்து 40 டிகிரி வட அட்சம் வரை இருக்க வேண்டும். இந்தியா மட்டும் உள்ள படம் உதவாது, மஸ்கரீன் அதில் வராது. ஒன்றில் ஜூலை: மஸ்கரீன் உயரழுத்தம், சோமாலி ஜெட்டின் வளைவு, கங்காநகர் – வங்கக் கடல் பள்ளம், கிழக்கத்திய ஜெட், திபெத்தின் மேலடுக்கு உயரழுத்தம். மற்றதில் ஜனவரி: சைபீரிய உயரழுத்தம், இமயத்தின் தெற்கே மேற்கத்திய ஜெட், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இறங்கிவிட்ட குவி மண்டலம், வங்கக் கடல் மேல் வடகிழக்குக் காற்று. கீழடுக்குக்கு ஒரு நிறம், மேலடுக்குக்கு இன்னொன்று. புத்தகத்தைப் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் வரைய வந்துவிட்டால், 150 சொல் விடைக்கு இதையே சின்னப் படமாகச் சுருக்கிப் போடலாம். 2012 முதல்நிலைத் தேர்வில் கேட்ட இரண்டு கூற்றுகளையும் படத்தைப் பார்த்தே சரி என்று சொல்லிவிடலாம்: தெற்கிலிருந்து வடக்கே போகப் போகப் பருவமழைக் காலம் குறைகிறது, ஏனென்றால் மழை வடக்கே கடைசியாகப் போய் முதலில் விலகுகிறது, வடசமவெளியில் கிழக்கிலிருந்து மேற்கே மழை குறைகிறது, ஏனென்றால் வங்கக் கடல் கிளை பள்ளத்தை ஒட்டிப் போகும்போது ஈரம் இழந்துகொண்டே போகிறது.

கடைசியாக, கையில் உள்ளது பழைய பதிப்பு என்றால் எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள். 2020-ல் வானிலைத் துறை இயல்பு தேதிகளை மாற்றியது. கேரளத்தில் ஜூன் 1 அப்படியே இருக்கிறது. நாடு முழுவதும் பரவும் நாள் ஜூலை 15-லிருந்து ஜூலை 8 ஆனது. வடமேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கும் நாள் செப்டம்பர் 1-லிருந்து 17-க்குப் போனது. முழுமையாக விலகுவது அக்டோபர் 15. ஜூன் – செப்டம்பர் மழையின் நீண்டகால சராசரி, 1971 – 2020 காலத்தை அடிப்படையாகக் கொண்டு, 87 செ.மீ.; பழைய புத்தகங்களில் 88, 89 என்று இருக்கும். அந்தச் சராசரியில் 96 முதல் 104 சதவீதம் வரை பெய்தால் ‘இயல்பு’, 90-க்குக் கீழே போனால் ‘பற்றாக்குறை’. இது நாடு தழுவிய கணக்கு மட்டுமே. மாநில, மாவட்ட அளவில் இயல்பிலிருந்து 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் இயல்பு என்றே வகைப்படுத்துவார்கள். இரண்டு அளவுகோல்களையும் கலந்து கூற்று அமைப்பது கேள்வி தயாரிப்பவர்களுக்கு மிகவும் எளிது.